ஏற்றத்துக்கு ஒரு சட்டம், இறக்கத்துக்கு ஒரு சட்டம்

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் பிரிவு எங்கள் டிவிசன். அதில் சமதரை என்று சொல்லக்கூடிய இடம் மூன்றே மூன்றுதான். மாரியம்மன் கோயில் முன்னால் ஒரு துண்டு, காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கிற பெரட்டுக்களம், அப்புறம் வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசல். மற்றதெல்லாம் ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். பொகவந்தலாவைப் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும்: ரோட்டுக்கு மேலேயும் தேயிலை, கீழேயும் தேயிலை. கோயில் முன்னால் பந்தோடு போனால் பூசாரி விரட்டுவார். பெரட்டுக்களம் காலையில் கங்காணிக்கு, சாயங்காலம் பெரிய பையன்களின் வொலிபோலுக்கு. எங்களுக்கு மிஞ்சியது வாசல்தான். பத்துக் காம்பரா, அதாவது பத்து அறை, நீளம், நாலு எட்டு அகலம். அதைத் தாண்டினால் கான் என்கிற வடிகால், கானைத் தாண்டினால் தேயிலை.

இந்த அளவுகளைச் சொல்லாமல் எங்கள் விளையாட்டைச் சொல்ல முடியாது. கிட்டிப்புள், கிளித்தட்டு, பாண்டி எல்லாம் தமிழ் பேசும் ஊர்களில் எங்கேயும் உண்டு. கோப்பித் தோட்டத்துக்கென்று மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்து வந்த எங்கள் பாட்டன் பூட்டன்மாரோடு வந்தவை அவை. ஆனால் அவை பிறந்த இடம் பொட்டல். புதுக்கோட்டை, திருச்சி, சேலம் பக்கத்துக் களத்துமேடும் கண்மாய்க்கரையும். அங்கே செல்லுபடியான சட்டம் மலைச்சரிவில் அப்படியே செல்லவில்லை. அதனால் பிள்ளைகள் புதுச் சட்டம் போட்டார்கள். எனக்கு அதைச் சொல்லித் தந்தவர்கள் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர்கள். அவர்களுக்கு அவர்களுடைய அண்ணன்மார். எந்தப் பெரியவரும் அதில் தலையிட்டதில்லை.

கிட்டிப்புள்ளிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எங்கள் சண்டைகளில் பாதி அதில்தான்.

கிட்டிக்குக் கொய்யாக் கம்பு. ஒரு கை நீளம். புள்ளுக்குத் தேயிலை மிலாறு. தேயிலைச் செடியைக் கத்தரித்துவிடுகிற கவ்வாத்து வேலையில் விழுகிற மிலாறுக் குச்சியெல்லாம் கட்டுக்கட்டாக லயத்துக்கு வந்து அடுப்புக்குப் போகும். அதில் பெருவிரல் தடிப்பில் நேரான துண்டு ஒன்று தென்பட்டால், அம்மா அடுப்பில் சொருகும் முன்னே உருவிவிட வேண்டும். தேயிலைக் கட்டை லேசில் பிளக்காது. அப்பா கவ்வாத்துக் கத்தியால் இரண்டு முனையையும் கூராகச் சீவித் தருவார். அந்தக் கத்தியை நாங்கள் தொடக்கூடாது, பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். சாண் நீளத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் புள் இருந்தால்தான் தட்டும்போது நன்றாக எழும்பும்.

ஆட்டம் எல்லா ஊரிலும் உள்ள ஆட்டம்தான். சிறிய குழி ஒன்று வெட்டி, அதன் குறுக்கே புள்ளை வைத்துக் கிட்டியால் கெந்திவிட வேண்டும். எதிர்க்கட்சி அதை அந்தரத்தில் பிடித்துவிட்டால் ஆள் அவுட். பிடிக்காவிட்டால், குழியின் மேல் கிட்டியைக் குறுக்காக வைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும். புள் விழுந்த இடத்திலிருந்து எறிந்து கிட்டியில் பட வைத்தால் அவுட். படாவிட்டால் அடி ஆரம்பம். புள்ளின் முனையில் தட்டி, அது துள்ளி எழும்போது ஓங்கி ஒரு வீச்சு. மூன்று தரம் அடிக்கலாம். கடைசியாக விழுந்த இடத்திலிருந்து குழி வரை கிட்டியால் அளந்து வருவதுதான் கணக்கு.

வாசலில் குழி வெட்டினால் மழைத்தண்ணீர் இஸ்தோப்புக்குள், அதாவது வீட்டு முன்திண்ணைக்குள், வரும். அதனால் லயத்துக்குப் பக்கத்தில் மாடு மேய்கிற புல்லுச்சரிவுக்குப் போவோம். அங்கேதான் எங்கள் சட்டங்கள் தொடங்கின. முதல் சட்டம்: அடி எப்போதும் மேட்டைப் பார்த்துத்தான். பள்ளத்தைப் பார்த்து அடித்தால் புள் பறந்து போய்த் தேயிலைக்குள் விழும், பிறகு ஆளுக்கொரு பக்கம் தேட வேண்டியதுதான். ஆனால் தோற்கப் போகிற கட்சிக்குக் கடைசி ஆட்டக்காரர் "எறக்கம்!" என்று எல்லோருக்கும் கேட்கக் கத்திவிட்டுப் பள்ளத்தில் அடிக்கலாம். அப்படி அடித்தால் இரண்டு கிட்டிக்கு ஒரு கணக்கு. புள் தேயிலைக்குள் போய்விட்டாலோ கணக்கே கிடையாது, ஆளும் அவுட். அந்த "எறக்கம்" சத்தம் கேட்டதும் கீழே நிற்கிறவர்கள் கான் ஓரமாக ஓடிப்போய் வரிசையாக நிற்பார்கள். எங்கள் ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் அதுதான். ஒரே அடியில் எல்லாம் கிடைக்கும், இல்லாவிட்டால் எல்லாம் போகும்.

இரண்டாவது சட்டம் அளப்பது பற்றி. எனக்குப் பத்து வயதிருக்கும். மேட்டு லயத்துப் பையன் ஒருவன், ஸ்கூலில் முக்கோணம் படித்துவிட்டு வந்தவன், ஒருநாள் அளப்பதை நிறுத்தினான். "கிட்டிய தரையோட படுக்க வச்சு அளந்தா கூட வரும்டா. சாஞ்ச பக்கம் நீளம். மட்டமாப் பிடிச்சுத்தான் அளக்கணும்" என்றான். அவன் சொன்னது கணக்குப்படி சரி. ஆனால் எங்கள் கட்சிக்குப் பதினைந்து கிட்டியாவது குறைந்துவிடும். ஒரு மணி நேரம் சண்டை. கடைசிக் கொழுந்து நிறுத்துவிட்டுத் தலையில் கூடையும் இடுப்பில் படங்குச் சாக்குமாக ஏறி வந்துகொண்டிருந்த அத்தை ஒருவர் நின்று கேட்டார். கேட்டுவிட்டு, "ஏன்டா, நடக்கிறவளுக்குச் சரிவுதான்டா தூரம்" என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் டிவிசனில் கிட்டியைத் தரையோடு படுக்க வைத்துத்தான் அளந்தோம்.

அந்த வாக்கு எங்களிடம் எடுபட்டதற்கு ஒரு காரணம் உண்டு. அளவு என்றால் எங்கள் வீடுகளில் சும்மா இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்த அம்மாமார் முதலில் பேசுவது நிறுவையைப் பற்றித்தான். கூடைக்கு என்று கழித்தது, ஈரத்துக்கு என்று கழித்தது, எத்தனை கிலோ எழுதினார்கள், பேர் விழுந்ததா இல்லையா. ஒரு நாள் வேலைக்கு முழுக் கணக்குக் கிடைத்தால் பேர், கொழுந்து குறைந்தால் அரைப்பேர். அம்மா எடுத்த கொழுந்துக்கும் துண்டில் எழுதின கணக்குக்கும் வித்தியாசம் இருந்த நாட்களில் வீட்டில் அடுப்புச் சத்தம்கூடக் கேட்காது. அம்மாவால் தராசைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. நாங்கள் கிட்டியைப் பிடித்து நிறுத்தினோம், ஒரு அங்குலத்துக்காகவும் நிறுத்தினோம். இன்றைக்கு யோசித்தால் அது விளையாட்டுப் புத்தி மட்டும் இல்லை என்று தோன்றுகிறது.

அரைப்பேர் என்ற சொல் எங்கள் ஆட்டத்துக்குள்ளும் வந்தது. தமிழ்நாட்டில் ஒப்புக்குச் சப்பாணி என்பார்களே, சின்னப் பிள்ளையை அழாமல் இருக்கச் சேர்த்துக்கொள்வது, அந்தப் பிள்ளைக்கு எங்கள் லயத்தில் பெயர் அரைப்பேர். ஆனால் எங்கள் அரைப்பேர் சும்மா நிற்கிற ஆள் இல்லை. அடிக்கலாம், அடித்த தூரத்தில் பாதி கணக்கில் சேரும். அவுட்டானால் இன்னொரு தரம் உண்டு. இரண்டு அரைப்பேர் சேர்ந்தால் ஒரு ஆள். இந்தச் சட்டம் அப்பா காலத்தில் வந்தது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, எழுபதுகளில், லயத்துக்கு இரண்டு மூன்று குடும்பமாகத் தலைமன்னாரில் கப்பல் ஏறின வருடங்கள் அவை. அந்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று தலை எண்ணிப் பிரித்திருந்தார்கள். அப்பாவின் ஜோடி, எப்போதும் அவர் கட்சியிலேயே விளையாடியவர், ஒரு தை மாதத்தில் குடும்பத்தோடு போய்விட்டார். போகும்போது தன்னுடைய கிட்டியை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஆள் குறைந்து கட்சி பிரிக்க முடியாமல் போனபோதுதான் சின்னப் பிள்ளைகளைக் கூட்டி, இரண்டு பேரை ஒருவராக எண்ணிக்கொண்டார்களாம். அந்தக் கிட்டி எங்கள் வீட்டு உத்தரத்தில் நெடுநாள் சொருகிக் கிடந்தது. அதை விளையாட அப்பா தந்ததே இல்லை.

தேயிலைக்குள் போகக்கூடாது என்பது எல்லா ஆட்டத்துக்கும் பொது. ஒளிந்து விளையாடும்போது தேயிலைக்குள் ஒளிந்தால் அந்த ஆட்டமே செல்லாது. செடி முறிந்தால் பெரியவர்களுக்கு வரும் ஏச்சு ஒரு பக்கம். உண்மையான பயம் குளவி. தேயிலை அடியில், மரக்கிளையில் கூடு இருக்கும், தெரியாமல் கால் பட்டால் கூட்டமாகக் கிளம்பும். குளவி கொட்டி ஆள் சாவது மலையகத்தில் இன்றும் நடப்பது. ஆகவே தேயிலைக்குள் போன பந்தையும் புள்ளையும் ஒரு எட்டு தூரத்துக்குள் கைக்கு எட்டினால் எடுப்போம், இல்லாவிட்டால் விட்டுவிடுவோம்.

விட்டதெல்லாம் ஒருநாள் திரும்பி வரும். நாலைந்து வருடத்துக்கு ஒரு தரம் அந்த மலைக்குக் கவ்வாத்து வரும். இடுப்புயரப் பச்சை எல்லாம் போய் முழங்கால் உயரத்துக்குக் கட்டை கட்டையாக நிற்கும், மண் தெரியும். கவ்வாத்து முடிந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லோரும் வரிசையாக இறங்குவோம். ரோமம் உதிர்ந்த டெனிஸ் பந்து, பாதி உக்கின புள், ஒரு பக்கத்துச் செருப்பு, பாண்டிச் சில்லு. எடுத்த பொருளுக்கும் சட்டம் இருந்தது: தொலைத்தவன் இன்னமும் லயத்தில் இருந்தால் அவனுக்கு, இல்லாவிட்டால் கண்டவனுக்கு. ஒரு தரம் எனக்குக் கிடைத்த புள்ளை அப்பாவிடம் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார், சீவின விதத்தைப் பார்த்தார், வைத்துக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை.

கிளித்தட்டுக்கு நிலவு வேண்டும். பௌர்ணமி தினத்தில் வொலிபோல் வலையைக் கழற்றிவிட்டுப் பெரிய பையன்கள் போன பிறகு பெரட்டுக்களம் எங்களுக்கு. அடுப்புச் சாம்பலைத் தகர டின்னில் கொண்டு வந்து கோடு போடுவோம். நீளவாக்கில் நடுவே ஒரு கோடு, குறுக்கே ஐந்தாறு கோடு. குறுக்குக் கோட்டுக்கு ஒருவராக மறிப்பார்கள், அவர்கள் தங்கள் கோட்டைவிட்டு நகர முடியாது. கிளி மட்டும் நடுக்கோட்டிலும் சுற்றுக்கோட்டிலும் ஓடலாம். இறங்குகிற கட்சி யார் கையும் படாமல் எல்லாத் தட்டையும் தாண்டி அடுத்த முனைக்குப் போய்த் திரும்பி வர வேண்டும். போகிறவர் காய், அடியைத் தொட்டுத் திரும்புகிறவர் பழம். எங்கள் சட்டப்படி காயும் பழமும் ஒரே தட்டில் சேர்ந்து நிற்கக்கூடாது. இந்த ஒரு சட்டம்தான் ஆட்டத்துக்கு உயிர். பாதி வழியில் இரண்டு பேரும் முன்னும் பின்னும் போக முடியாமல் தட்டுக்குத் தட்டு நின்று, ஒருவரை ஒருவர் பார்த்துக் கண்ணால் பேசிக்கொள்வார்கள். கிளிக்கு அந்தப் பேச்சு புரிந்துவிட்டால் முடிந்தது.

பெரட்டுக்களமும் லேசாகச் சாய்வுதான். மேட்டிலிருந்து இறங்குகிறவருக்குக் கால் தானாகப் போகும், நிறுத்துவதுதான் கஷ்டம். அதனால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முனை மாறும், இதில் பேச்சே கிடையாது.

எங்கள் லயத்தில் சிறந்த கிளி ஒரு அக்கா. மெலிந்த உடம்பு, பாவாடையை இழுத்துச் சொருகிக்கொண்டு நடுக்கோட்டில் அவர் நின்றால் பெரிய பையன்களே இறங்கத் தயங்குவார்கள். ஓட மாட்டார், காத்திருப்பார். ஒரு பௌர்ணமிக்கு அவர் வரவில்லை. பெரியபிள்ளையாகிவிட்டார் என்றார்கள். அதற்குப் பிறகு அவர் களத்தில் இறங்கவே இல்லை, அவர் இல்லாத கிளித்தட்டு எங்களுக்கு உப்பில்லாத கஞ்சியாக இருந்தது. எனக்கு அன்றைக்கும் அது நியாயமாகப் படவில்லை, இன்றைக்கும் படவில்லை. அந்த வீட்டு இஸ்தோப்பிலிருந்து பார்த்தால் பெரட்டுக்களம் தெரியும். கை பட்டதா படவில்லையா என்ற சண்டை வந்தால் எல்லோரும் அந்த இஸ்தோப்பைத் திரும்பிப் பார்ப்போம். அவர் கையை உயர்த்தினால் அவுட், தலையை ஆட்டினால் இல்லை. அந்தத் தூரத்திலிருந்து அவர் சொன்ன தீர்ப்பை யாரும் மறுத்ததாக எனக்கு நினைவில்லை.

பாண்டி வாசலுக்கே பொருந்திய விளையாட்டு. எட்டுக் கட்டம், உடைந்த ஓட்டுத் துண்டில் தேய்த்தெடுத்த சில்லு. சில்லு கோட்டில் விழக்கூடாது, நொண்டுகிற கால் கோட்டில் படக்கூடாது. எட்டுக் கட்டமும் முடித்தவள் திரும்பி நின்று தலைக்கு மேலாகச் சில்லை எறிவாள். விழுந்த கட்டம் அவள் வீடு. அதில் குறுக்காக இரண்டு கோடு இழுத்துவிட்டால் மற்றவர்கள் அங்கே கால் வைக்கக் கூடாது, தாண்டித்தான் போக வேண்டும். அவள் மட்டும் இரண்டு காலையும் ஊன்றி நின்று மூச்சு வாங்கலாம். என் தங்கை தன் வீட்டுக்குள் கரியால் ஜன்னல் வரைவாள். எங்கள் காம்பராவுக்கு ஜன்னல் இல்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, அதில் ஆறு பேர், அதுவும் தோட்டத்துக்குச் சொந்தம். வேலை நின்றால் வீடு நின்றுவிடும் என்ற பயம் பெரியவர்கள் பேச்சில் எப்போதும் இருக்கும். மழை வந்தால் கட்டம் அழிந்துவிடும், ஆனால் யாருக்கு எந்த வீடு என்பதை மறுநாள் ஒருவரும் மறுக்க மாட்டார்கள். அழித்து வரைந்தாலும் அவள் வீடு அவளுடையதுதான்.

மழை என்றால் எங்கள் பக்கம் வைகாசியில் தொடங்கிப் புரட்டாசி வரை. பதுளைப் பக்கத்துப் பிள்ளைகள் அப்போது வெயிலில் விளையாடுவார்கள், அவர்களுக்கு மழை மார்கழியில். மழைக்காலத்தில் இஸ்தோப்பில் கல்லாங்காய், யூகலிப்டஸ் காயைச் சுண்டிச் சுற்றவிடுவது, மாபிள். மழை விட்டதும் மூட்டம் இறங்கும். பத்தடிக்கு அப்பால் ஆள் வெறும் நிழல். அப்போது ஒளிந்து விளையாட ஒளிகிற இடமே தேவையில்லை, நின்றாலே போதும். பிடிக்கிறவர் பெயரைச் சரியாகச் சொல்ல வேண்டும், தப்பாகச் சொன்னால் மறுபடி நூறு எண்ண வேண்டும். நாங்கள் சுவெட்டரை மாற்றிப் போட்டுக்கொள்வோம். என் பச்சைச் சுவெட்டரைப் பக்கத்து வீட்டுத் தம்பி போட்டுக்கொண்டு நிற்பான், முழங்கால் வரை தொங்கும், இருந்தாலும் மூட்டத்தில் அவன் நான்தான். இருமினால் மட்டும் அகப்பட்டுக்கொள்வோம்.

வெயில் காலத்தில் உரச் சாக்கில் உட்கார்ந்து மானாப்புல் சரிவில் சறுக்குவோம். கடைசியாக இறங்கினவர் எல்லாச் சாக்கையும் மேலே சுமக்க வேண்டும், சட்டம் அவ்வளவுதான்.

சித்திரைப் புத்தாண்டுக்குக் கீழே உள்ள சிங்களக் கிராமத்தில் விளையாட்டுப் போட்டி நடக்கும், நாங்களும் போவோம். முட்டி உடைத்தல், கயிறிழுத்தல், யானைக்குக் கண் வைத்தல், அப்புறம் மட்டையால் பந்தடித்து ஓடுகிற எல்லே. எல்லேயில் அடிக்கிறவருக்குப் பந்து போடுவது அவருடைய கட்சிக்காரரே. அதைப் பார்த்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அடிக்கிறவருக்கு நல்ல பந்து கிடைக்க வேண்டும், பிடிக்கிறவர்கள் அதற்குப் பிறகு தங்கள் திறமையைக் காட்டட்டும் என்ற எண்ணம் எனக்குப் பிடித்திருந்தது. ஓடும்போது பந்தால் எறிந்து உடம்பில் பட்டால் அவுட். அந்தப் பிள்ளைகளுக்கு எங்கள் பாஷை வராது, எங்களுக்கு அவர்கள் பாஷை பாதிதான் வரும், ஆனால் பட்டதா படவில்லையா என்று சண்டை பிடிக்க அது போதுமாக இருந்தது.

1996 மார்ச் 17இல் லாகூரில் இலங்கை கிரிக்கெட் உலகக் கிண்ணம் வென்ற ராத்திரி, லயத்தில் இருந்த ஒரே டிவியைப் பெட்டரியில் ஓட்டிப் பார்த்தோம். அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107. கண்டியில் பிறந்த முரளிதரன் அந்த அணியில் இருந்தார், எங்களுக்கு அது போதும். மறுநாளிலிருந்து புல்லுச்சரிவில் கிட்டிக்குழி தூர்ந்தது. கிரிக்கெட்டுக்கும் சட்டம் போட்டோம்: தேயிலைக்குள் விழுந்தால் ஆறு இல்லை, அவுட். ஒரு குத்துப் பிடி, அதாவது ஒரு தரம் தரையில் குத்தி எழும்பின பந்தைப் பிடிப்பதும், செல்லும். ஆனால் அந்தச் சட்டங்களோடு எங்களுக்கு முழு உறவு வரவில்லை. ரேடியோவில் வேறு சட்டம் கேட்டது, பையன்கள் அதைத்தான் சரி என்றார்கள். சண்டை வந்தால் தீர்ப்பு எங்களிடம் இல்லை, டிவியில் இருந்தது. கிட்டிப்புள் போனதைவிட எனக்கு இதுதான் வலித்தது.

போன சித்திரைக்கு ஊருக்குப் போயிருந்தேன். தங்கச்சி இப்போது 7 பேர்ச் காணியில் கட்டின தனி வீட்டில் இருக்கிறாள், இரண்டு பக்கமும் ஜன்னல். வீட்டு வரிசைக்கு முன்னால் கொங்கிரீட் பாதை, படி படியாக இறங்குகிறது. கொய்யாக் கம்பு வெட்டி, புள் ஒன்று சீவி, மருமகனிடம் கொடுத்தேன். ஆறேழு பிள்ளைகள் கூடிவிட்டார்கள். ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தேன்.

"மாமா, கொங்கிரீட்ல குழி எப்படி வெட்டுறது?" என்று கேட்டான் ஒருவன். நான் பதில் சொல்லும் முன்னே ஒரு சின்னப் பெண் இரண்டு அரைக்கல்லைக் கொண்டு வந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அதன் மேல் புள்ளைக் குறுக்காக வைத்தாள். கெந்திய வேகத்தில் ஒரு கல் சரிந்தது. கல் விழுந்தால் அவுட்டா இல்லையா என்று தொடங்கியது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "நீங்களே பேசி முடிவெடுங்க" என்றேன். நெடுநேரம் கத்தினார்கள். இருட்டுகிற நேரத்துக்கு முடிவாகிவிட்டது: கல் விழுந்தால் இன்னொரு சான்ஸ், இரண்டு கல்லும் விழுந்தால் அவுட், படியில் இறங்கி உருண்டால் படிக்கு ஒரு கணக்கு. அந்தச் சின்னப் பெண் கிட்டியை எடுத்துக்கொண்டு போய் முதல் படியில் நின்றாள்.